ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ஒரு சின்னத் திரை வேணும் டெய்லரம்மா. நாலடிக்கு ரெண்டடி. கயித்தைப் புடிச்சு இழுத்தா சட்டுனு விலகணும்," என்றார் சங்கத் தலைவர்.

அவர் வாசல் வழியாக வரவில்லை. ஸெராக்ஸ் கடைச் சுவரில் இருந்த ஓட்டை வழியாகக் குனிந்து வந்தார். சொல்லி முடித்ததும் எதிர்ச் சுவரில் இருந்த ஓட்டை வழியாகச் சாவிக்காரர் கடைக்குள் நுழைந்து போய்விட்டார். டெய்லரம்மாவின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. சரி என்றும் சொல்ல முடியவில்லை, முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு வருஷமாக அவள் நிலைமையே அதுதான்.

சுவரில் ஓட்டை எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் கதை புரியாது. அந்தத் தெருவில் பதினாலு கடைகள், எல்லாம் ஒரே நீளக் கட்டடத்தில். கடைக்கும் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். முதல் கடை தலைவருடைய மருந்துக் கடை, கடைசி பேக்கரி. ஒன்பதாவது தையல் கடை. பத்தாவது சாவி வெட்டுகிற கடை. போன வருஷம் அந்தத் தெருவின் சாக்கடைக் குழாய் உள்ளே இடிந்து போனது. மூன்றே மாசம் என்று சொல்லிவிட்டு வாசற்படியை ஒட்டி ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். மூன்று பன்னிரண்டானது. அது யார் தப்பு என்று ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும், விடுங்கள்.

இரண்டு மூலைகளிலும் இருந்த மருந்துக் கடைக்கும் பேக்கரிக்கும் மட்டும் பக்கவாட்டில் வாசல் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட பன்னிரண்டு கடைக்கும் ஈ காக்காய் வரவில்லை. "பேசாம செவரை ஒடைச்சுட்டு உள்ளுக்குள்ளயே நடக்க வேண்டியதுதான்," என்று சலூன்காரர் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. கட்டடத்துச் சொந்தக்காரர் போனில், "திருப்பி அடைச்சுக் குடுத்தா எனக்கென்ன," என்றார்.

எல்லாக் கடையிலும் ஓட்டை போட இடம் இருந்தது. தையல் கடையில் மட்டும் அந்த இடத்தில் எட்டடி நீளத்துக்குத் துணி வெட்டுகிற மேஜை கிடந்தது. அது அவள் வீட்டுக்காரருடைய மேஜை. அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். தெருவில் அவருக்கு மாஸ்டர் என்றுதான் பேர். மாஸ்டர் மாட்டேன் என்றிருந்தால் வழி அங்கேயே நின்றிருக்கும். அவர் சாவிக்காரரைக் கூப்பிட்டு, "அந்த முனையைப் புடிங்கண்ணே," என்று மேஜையை வாசல் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார்.

"நம்ம கடை நடுக்கூடம் ஆயிடும் பாருங்க," என்றாள் அவள்.

"ஒரு வருஷந்தானே. ஓடிப்போயிடும்," என்றார் மாஸ்டர்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வழி வேலை செய்தது. மருந்துக் கடையில் நுழைந்து பேக்கரியில் வெளியே வருவதற்குள் ஜனங்கள் தலைமுடி வெட்டிக்கொண்டார்கள், நகல் எடுத்தார்கள், சட்டைக்கு அளவு கொடுத்தார்கள், பூட்டுக்குச் சாவி வாங்கினார்கள். பதினாலில் ஒரு கடைகூட மூடவில்லை. ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு கடையையும் பார்த்துக்கொண்டார். மூன்றாவது மாசம், அளவு கொடுக்க வந்த நிறைமாதக்காரிக்குத் தையல் கடையிலேயே வலி கண்டது. ஸெராக்ஸ்காரர் உட்காருகிற, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு சுவரிலும் நாற்காலியோடு தூக்கித் தாண்டி, பேக்கரி வாசலில் ஆட்டோ ஏற்றினார்கள். பெண் குழந்தை. பேப்பரில் போட்டோ வந்தது. போட்டோவில் முழு முகமும் தெரிந்தது தலைவருக்கு மட்டுந்தான் என்பது வேறு விஷயம்.

ஐந்தாவது மாசம் ஒரு காலை. மாஸ்டர் பேண்ட் துணியில் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு," என்றார். அதே நாற்காலி, அதே வழி. பேக்கரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை.

ஏழு நாள் பக்கத்துக் கடைக்காரர்கள்தான் ஷட்டரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் அவள் கடைக்கு வந்துவிட்டாள். வாங்கி வைத்த துணிகள் குவிந்து கிடந்தன, என்ன செய்வாள். தெரு அவளைத் தாங்கியது. அதை இல்லையென்றால் நாக்கு அழுகிவிடும். பேக்கரியிலிருந்து இரண்டு மாசம் ரொட்டி வந்தது. தலைவர் அவளுடைய மாமனாருக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். சலூன்காரர் முழங்கால் வலியோடு அவள் வீட்டு மாடி ஏறிப்போய் மாமனாருக்குச் சவரம் செய்துவிட்டு வந்தார். கடை வழியாகப் போகிற ஒவ்வொருவரும் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். எழுபது எண்பது பேருக்குத் தலையாட்டினால் கழுத்து என்னத்துக்கு ஆகும்.

எல்லாம் கிடைத்தது. அழுவதற்கு ஓர் இடம் மட்டும் கிடைக்கவில்லை.

வீட்டில் அழ முடியாது. இருப்பது ஒரு அறை. மகனைப் பறிகொடுத்த மாமனார், மருமகள் கண் லேசாகக் கலங்கினால் போதும், தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார். அவரைப் பார்த்து அவளுடைய மகள் ஆரம்பிப்பாள். இரண்டு பேரையும் தேற்றி எழுப்புவதற்குள் அவளுக்கு வந்த அழுகை எங்கே போனதென்று தெரியாது. பஸ்ஸில் தெருக்காரர் யாராவது பக்கத்தில் நிற்பார். கடையிலோ மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை, "அக்கா, இப்படிப் போகலாமா?" அளவு பார்க்கிற தடுப்புக்குள் ஒளிந்தால், "அக்கா, உள்ளயா இருக்கீங்க?" அன்பாகத்தான் கேட்பார்கள். அதுதான் தொல்லை. கழுத்துப் பட்டி இறுக்கித் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழு மாசம் நடமாடியது போலிருந்தது அவளுக்கு.

ஒரே ஒரு தடவை, மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பாதி தைத்த சட்டையில் முகத்தைப் புதைத்தாள். ஒரு விசும்பல் வந்தது. அதற்குள் ஸெராக்ஸ் பக்கமிருந்து, "இப்படிப் போகலாமா?" சட்டையால் முகத்தைத் துடைத்து, குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிர் ஓட்டையில் சாவிக்காரர் ஏதோ கேட்க வந்து நின்றிருந்தார். அவர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

இந்தச் சாவிக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷப் பக்கத்துக் கடை, ஆனால் மேஜையைத் தள்ளிய நாள் வரை பேச்சுவார்த்தையே கிடையாது. அவருடைய சாவி வெட்டும் மெஷின் ஓடினால் சுவர் அதிரும், மாஸ்டர் போடுகிற கோடு கோணும். மாஸ்டர் கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கம் மெஷின் நிற்கும். கோடு போட்டு முடிந்ததும் அவராகவே புரிந்துகொண்டு மறுபடி ஓட்டுவார். பதினைந்து வருஷத்தில் இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். சுவரை உடைத்த பிறகு தட்டச் சுவரும் இல்லை, தட்டிக்கொண்டிருந்தவரும் இல்லை.

ஆனால் இப்போது பள்ளம் மூடியாகிவிட்டது. புது ரோடு போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை கொத்தனார் வந்து எல்லாச் சுவரையும் அடைக்கப் போகிறார் என்று பத்து நாளுக்கு முன்னாலேயே பேச்சு. டெய்லரம்மா அந்தத் திங்கட்கிழமையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நாள், இன்னும் நாலு நாள் என்று எண்ணினாள். இடையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நன்றிக் கூட்டம், அவ்வளவுதானே, போனால் போகிறது என்று திரையைத் தைத்துக் கொடுத்தாள். எதை மூடுவதற்கு என்று கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் புது ரோட்டின் மேலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தார் வாசனை இன்னும் போகவில்லை. எல்லோரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். முகங்களைப் பார்த்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மாதிரி இருந்தார்கள். சலூன்காரர் முழங்காலை நீட்டி இன்னொரு நாற்காலியில் வைத்திருந்தார். பேக்கரிக்காரர் தூங்கிவிட்டார். காலை மூன்று மணிக்கு எழுகிற மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

தலைவர் மைக்கைப் பிடித்தார். வழக்கமாகப் பிடித்தால் விடமாட்டார். அன்று பாதியில் எழுதி வந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "பதினாலு ஷட்டரும் தினம் மேல போச்சு. ஒரு நாள்கூட ஒண்ணும் கீழயே இருக்கல. நான் பெருமைக்குச் சொல்லல. எனக்கே இது எப்படி நடந்துச்சுன்னு தெரியல. உங்க எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன்," என்றார். டெய்லரம்மாவுக்கு அவர் மேல் நிஜமாகவே பாசம் வந்தது. ஒரு வருஷத்தில் மனிதருக்கு மீசைகூட நரைத்துவிட்டது.

பிறகு அவளைக் கூப்பிட்டார். அவள் தைத்த திரையை அவளையே இழுக்கச் சொன்னார். இழுத்தாள். சட்டென்று விலகியது. நல்ல தையல்.

பின்னால் ஒரு போர்டு. நீலத்தில் வெள்ளை எழுத்து: மாஸ்டர் வழி.

"நம்ம எல்லாரையும் ஒண்ணாக்குன மனுஷனுக்கு இந்தத் தெருவோட நன்றி," என்றார் தலைவர். "கொத்தனாரை வர வேணாம்னு சொல்லிட்டேன். கட்டடக்காரரும் ஒத்துக்கிட்டார். அந்த வழியை அடைக்கப் போறதில்ல. என்னைக்கும் தொறந்தே இருக்கும்."

கை தட்டினார்கள். பேக்கரிக்காரர் விழித்துக்கொண்டு அவரும் தட்டினார். டெய்லரம்மா திரைக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். என்னைக்கும் என்ற சொல் அவள் காதில் நின்றுவிட்டது. என்றைக்கும் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம். அதுவும் அவர் பேரைச் சொல்லியே.

"எனக்குச் செவரு வேணும்," என்றாள்.

"என்னம்மா?"

"ரெண்டு பக்கமும் செவரை வெச்சுக் குடுத்துருங்க. கொத்தனாரை வரச் சொல்லுங்க."

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஒவ்வொருவராகக் கைதட்டலை நிறுத்தினார்கள். தலைவரின் முகம் விழுந்துவிட்டது. "மாஸ்டர் பேர்லதாம்மா வெச்சிருக்கோம். அவர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்ல?"

"பட்டிருப்பாரு. அவர் இருந்தா எனக்குச் செவரு எதுக்கு?"

அழுவதற்கு இடம் வேண்டும் என்று மைக்கில் சொல்ல முடியுமா? சொன்னால் அங்கேயே அழுகை வரும். வந்தால் அறுபது பேர் தேற்ற வருவார்கள். பின்வரிசையில் ஒருத்தி, "இவ்வளவு செஞ்சும் பாருங்களேன்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. அவள் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் வலித்தது. நன்றி இல்லாமலா போனது? தொண்டை வரைக்கும் இருந்தது. அதற்கு மேலேதான் இன்னொன்று அடைத்துக்கொண்டிருந்தது.

அப்போது சாவிக்காரர் எழுந்தார். சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"தலைவரே, எனக்கும் செவரு வேணும்."

"உங்களுக்கு என்னய்யா வந்துச்சு?"

"ஆளுங்க போக வர என் கைக்குப் பின்னாடியே நிக்கிறாங்க. எந்த வீட்டுக்கு எந்தச் சாவின்னு ஒருத்தன் பார்த்து வெச்சுக்கிட்டான்னா? நாளைக்கு உங்க வீட்டுல ஒண்ணு காணாம போனா என் சட்டையைத்தானே புடிப்பீங்க. ஒரு வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். டெய்லரம்மாகிட்ட நாந்தான் பொலம்பினேன். எனக்காகத்தான் அது கேக்குது."

சுத்தப் பொய். அவர் மெஷின் கடையின் உள் மூலையில் இருந்தது, வழியில் போகிறவனுக்கு அவர் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. போக வர இருந்த கூட்டத்தால் அவர் வியாபாரம் இரண்டு மடங்கானது தெருவுக்கே தெரியும். அந்த மனிதர் ஒரு நாளும் அவளிடம் புலம்பியதில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் வீட்டுச் சாவியும் அவர் வெட்டியது. ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பூட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார்கள். பின்வரிசைக்காரி கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் தலைவர்.

"இப்ப சொல்லிட்டேன்ல."

சலூன்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "அப்ப போர்டைத் தெரு முனையில மாட்டிருவோம். தெருவுக்கே அந்தப் பேரு இருக்கட்டும். நடக்கிறவன் வெளிய நடக்கட்டும், ரோடுதான் வந்துருச்சே," என்றார். யாருக்கும் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. டீ வந்தது. தலைவர் தன் டீயை எடுத்துக்கொண்டு டெய்லரம்மாவிடம் வந்தார். "கேட்டிருக்கணும்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். சந்தோஷமா இருக்கும்னு நெனைச்சுட்டேன்," என்றார்.

"சந்தோஷந்தான் சார். போர்டு நல்லா இருக்கு," என்றாள் அவள். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். முதலில் ஸெராக்ஸ் பக்கம் அடைத்தார். சாவிக்காரர் பக்கத்தில் இடுப்புயரம் எழுந்தபோது சாவிக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "தங்கச்சி, மேஜையைப் பழைய இடத்துல போட்டுரலாமா? அடைச்சப்புறம் நான் சுத்தி வரணும்." காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டி வந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அவள் பிடித்தாள். மேஜை பழைய இடத்துக்கு வந்தது. தரையில் அதன் நான்கு கால் தடமும் அப்படியே இருந்தது. அவர் மறுபடி சுவரைத் தாண்டிப் போனார். மாலைக்குள் கடைசிச் செங்கலும் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கடையைத் திறந்து, உள்ளே வந்து, ஷட்டரைப் பாதி இறக்கினாள். மேஜை முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஈரச் சிமென்ட் வாசனை. யாரும் வரவில்லை. மூன்று நிமிஷம் போனது, ஆறு நிமிஷம் போனது. யாரும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. இதற்காகவா பாவம் அந்தத் தலைவரை ஊர் முன்னால் அப்படி நிற்க வைத்தோம் என்று அவளுக்கு வெறுத்துப் போனது. சரி, வேலையையாவது பார்ப்போம் என்று இழுப்பறையைத் திறந்தாள். ஒரு பேண்ட் துணி மடித்துக் கிடந்தது. விரித்தாள். பாதி வரை கோடு போட்டிருந்தது. நேர்க்கோடு, ஒரு நடுக்கம் இல்லை. முட்டிக்குக் கீழே கோடு நின்றுவிட்டது.

அப்போது வந்தது. சத்தமாக வந்தது. இவ்வளவு சத்தம் தனக்குள் இருந்ததா என்று அவளுக்கே பயமாகிவிட்டது. ஒற்றைச் செங்கல் சுவர். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்தாம் கடையில் மெஷின் ஓட ஆரம்பித்தது.

பதினைந்து வருஷமாகக் கேட்ட சத்தம். சாவி வெட்டும்போது அது ஏறும், இறங்கும், பல்லுக்குப் பல் விட்டு விட்டுக் கேட்கும். இன்று ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டே இருந்தது. மெஷினில் சாவியே இல்லை. சும்மா ஓடுகிறது.

அவளுக்குப் புரிந்தது. வாயிலிருந்து கையை எடுத்தாள்.

எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்குத் தெரியாது. நடுவில் எந்தக் கடையிலிருந்தோ, "அண்ணே, என்ன கோட்டைக்கா சாவி போடுறீங்க, காது போவுது," என்று யாரோ கத்தினார்கள். மெஷின் நிற்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் அங்கே ஏதோ கேட்டதும், "அப்புறம் வாங்க," என்று சாவிக்காரர் சத்தம் போட்டதும் கேட்டன. மெஷின் நிற்கவில்லை. மாஸ்டரைத் திட்டினாள். ஒரு வருஷந்தானே என்று சொல்லிவிட்டு அஞ்சு மாசத்தில் போன மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஏங்கி, இருமி, விக்கல் எடுத்து, கடைசியில் வெறும் மூச்சு மட்டும் மிஞ்சியது.

குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினாள். பேண்ட் துணியை மடித்து இழுப்பறையில் வைத்தாள். மாஸ்டரின் கத்தரிக்கோலை எடுத்தாள். திருப்பிப் பிடித்து, சிமென்ட் இன்னும் காயவில்லையே என்று மெதுவாக, கைப்பிடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மெஷின் நின்றது.